ஸ்னெல்லை வெளியே எடுத்தது தப்பா?

கேள்வி இது: “பேஸ்பால் பிளேஆஃப் ஆட்டங்களில் (சீசன் முடிந்ததும் நடக்கும் நாக்-அவுட் சுற்றுகளில்) அருமையாக வீசிக்கொண்டிருக்கும் பிட்சரை, அதாவது பந்துவீச்சாளரை, பாதியிலேயே வெளியே எடுத்துவிடுகிறார்கள். அடுத்து வருகிறவர் அடி வாங்குகிறார், ஆட்டமும் போய்விடுகிறது. 2020 உலகத் தொடரில் (அமெரிக்க பேஸ்பாலின் இறுதிப் போட்டி) பிளேக் ஸ்னெல்லுக்கு நடந்தது போல. மேனேஜர்கள் கண்ணால் பார்ப்பதை விட்டுவிட்டுக் கணக்கை நம்புவதால் வரும் வினையா இது?”

என் பதிலை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். ஸ்னெல்லை எடுத்ததை நான் மன்னித்துவிடுவேன். அவருக்குப் பதில் நிக் ஆண்டர்சனைக் கொண்டுவந்ததை இன்னும் மன்னிக்க முடியவில்லை. இரண்டும் ஒன்றுதானே என்று கேட்பீர்கள். இந்தச் சண்டைகள் எல்லாம் வருடக்கணக்கில் முடியாமல் இழுப்பதே அந்த இரண்டையும் ஒன்றாகப் பார்ப்பதால்தான்.

கிரிக்கெட் பார்த்து வளர்ந்தவர்களுக்கு ஒரு விஷயம். அங்கே ஒரு பந்துவீச்சாளரை நிறுத்திவிட்டு, ஐந்து ஓவர் கழித்துத் திரும்பக் கூப்பிடலாம். பேஸ்பாலில் வெளியே போனவர் போனவர்தான், அந்த ஆட்டத்துக்குள் திரும்ப வர முடியாது. அதனால்தான் மேனேஜர் டக்-அவுட் (அணியினர் உட்காரும் இடம்) படியேறி மவுண்டை, அதாவது பிட்சர் நின்று வீசும் மேட்டை, நோக்கி நடக்கும் அந்த இருபது முப்பது விநாடிகளில் ரசிகர்களுக்கு அடிவயிறு கலங்குகிறது.

சரி, அந்த ஆட்டத்துக்கு வருவோம். 2020 அக்டோபர் 27, டெக்சாஸ் ஆர்லிங்டன், ஏழு ஆட்டத் தொடரின் ஆறாவது ஆட்டம். கொரோனாக் காலம் என்பதால் தொடர் முழுக்க ஒரே பொது மைதானத்தில் நடந்தது. லாஸ் ஏஞ்சலஸ் டாட்ஜர்ஸ் 3-2 என்று முன்னிலை, தாம்பா பே ரேஸ் அன்று தோற்றால் தொடரே முடிந்தது. முதல் இன்னிங்ஸிலேயே (ஆட்டத்துக்கு ஒன்பது இன்னிங்ஸ், ஒவ்வொன்றிலும் ஓர் அணிக்கு மூன்று அவுட்) ராண்டி அரோஸரேனா ஹோம் ரன் அடித்து ரேஸுக்கு 1-0. அதன்பிறகு ஸ்னெல்லின் ராஜ்ஜியம். 73 பந்துகள், 9 ஸ்ட்ரைக் அவுட் (மூன்று ஸ்ட்ரைக்கில் அவுட்), ஒரு வாக் (நாலு தவறான பந்துக்கு முதல் பேஸ் இலவசம்) கூடக் கிடையாது. டாட்ஜர்ஸின் முதல் மூன்று பேட்டர்களான மூக்கி பெட்ஸ், கோரி சீகர், ஜஸ்டின் டர்னர் மூவரும் ஆளுக்கு இரண்டு முறை வந்தார்கள். ஆறு முறையும் ஸ்ட்ரைக் அவுட். பந்து மட்டையில் பட்டு உள்ளே விழவே இல்லை.

ஆறாவது இன்னிங்ஸில் ஒரு அவுட் ஆனதும், பேட்டிங் வரிசையில் கடைசி ஆளான ஆஸ்டின் பார்ன்ஸ் ஒரு சிங்கிள் (முதல் பேஸ் வரை போகும் அடி) அடித்தார். அவ்வளவுதான். ரேஸ் மேனேஜர் கெவின் கேஷ் படியேறி வந்துவிட்டார். ஸ்னெல் அவரைப் பார்த்ததும் முகத்தைத் திருப்பிக்கொண்டு ஏதோ சொன்னார். சத்தம் கேட்கவில்லை, ஆனால் உதட்டசைவைப் பார்த்தவர்களுக்குப் புரிந்திருக்கும், இங்கே எழுத முடியாத வார்த்தை. ஃபோனில் என்னோடு சேர்ந்து பார்த்துக்கொண்டிருந்த நண்பர் பரம ரேஸ் ரசிகர். “ஏன் வர்றான்? இவன் எதுக்கு இப்ப வர்றான்?” என்று இரண்டு முறை கேட்டார், அப்புறம் பேச்சே இல்லை. ஃபோனை வைத்துவிட்டாரோ என்று நினைத்தேன்.

ஆண்டர்சன் வந்தார். பெட்ஸ் இடப்பக்கக் கோட்டை ஒட்டி டபுள் (இரண்டாவது பேஸ் வரை போகும் அடி) அடித்தார். ஒரு பந்து கேட்சர் கைக்குச் சிக்காமல் ஓட, பார்ன்ஸ் வீட்டுக்கு (ரன் கணக்காகும் ஹோம் தட்டுக்கு) வந்து 1-1. சீகர் முதல் பேஸ் பக்கம் தட்டிவிட, பெட்ஸ் பாய்ந்து வந்து 2-1. எட்டாவது இன்னிங்ஸில் பெட்ஸே ஒரு ஹோம் ரன். 3-1, கோப்பை டாட்ஜர்ஸுக்கு. ஸ்னெல் வெளியேறியதில் தங்களுக்கு நிம்மதிதான் என்று ஜெயித்தவர்களே பிறகு ஒப்புக்கொண்டார்கள். ரேஸ் ரசிகர்களுக்கு வெந்த புண்ணில் வேல்.

இனி கேஷின் பக்கம். மனிதர் ஏதோ கம்ப்யூட்டர் சொன்னதைக் கேட்டு ஆடிய பொம்மை என்று பேசுவது சுலபம். ஆனால் அவர் பயந்தது கற்பனைக்கு அல்ல. ஒரு பேட்டர் அதே பிட்சரை முதல் முறை சந்திக்கும்போது பந்து கையை விட்டு வரும் கோணம், ஸ்லைடர் என்ற வளையும் பந்து எங்கே திரும்பும் என்பதெல்லாம் அவருக்குப் புதிது. இரண்டாவது முறை கொஞ்சம் பிடிபடும். மூன்றாவது முறை வரும்போது பாதிப் பாடம் மனப்பாடம். பல ஆண்டு ஆட்டக் கணக்குகளைக் கூட்டிப் பார்த்தவர்கள் இதை உறுதிசெய்திருக்கிறார்கள்: மூன்றாவது சுற்றில் பேட்டர்களின் கை பொதுவாக ஓங்குகிறது. பிட்சரின் களைப்பைவிடப் பழக்கம்தான் இதில் பெரிய காரணம். “73 பந்துதானே ஆகியிருந்தது” என்ற வாதம் அதனால்தான் முழுதாக எடுபடுவதில்லை. பெட்ஸும் சீகரும் ஸ்னெல்லை மூன்றாவது தடவை பார்க்க வேண்டாம் என்று நினைத்ததாகக் கேஷும் ஆட்டம் முடிந்ததும் வெளிப்படையாகவே சொன்னார்.

இன்னொன்றையும் பலர் மறந்துவிடுகிறார்கள். அதே தொடரின் இரண்டாவது ஆட்டத்திலும் இதே ஸ்னெல்தான். ஐந்தாவது இன்னிங்ஸில் இரண்டு அவுட் ஆகும்வரை டாட்ஜர்ஸுக்கு ஒரு ஹிட் கூட இல்லை. திடீரென்று கிறிஸ் டெய்லர் இரண்டு ரன் ஹோம் ரன், பெட்ஸுக்கு வாக், சீகருக்கு ஹிட். நாலு நிமிஷத்தில் நிலைமை தலைகீழ். கேஷ் ஸ்னெல்லை எடுத்தார், ஆண்டர்சன் வந்து டர்னரை ஸ்ட்ரைக் அவுட் செய்தார், ரேஸ் அந்த ஆட்டத்தை ஜெயித்தது. ஆறு நாள் முன்பு கை கொடுத்த அதே வைத்தியத்தைத்தான் மனிதர் மறுபடியும் செய்தார். அதோடு, ஸ்னெல் ஒரு ஆட்டத்தில் ஆறு இன்னிங்ஸை முழுதாக முடித்தே ஒரு வருடத்துக்கு மேல் ஆகியிருந்தது. பிட்சரைச் சீக்கிரம் மாற்றியே அந்த அணி அவ்வளவு தூரம் வந்தது. 2018-இல் புல்பென் (மாற்றுப் பிட்சர்கள் காத்திருக்கும் இடம்) ஆளான செர்ஜியோ ரோமோவைத் தொடக்கத்தில் ஒரு இன்னிங்ஸ் மட்டும் வீசவைத்து ‘ஓப்பனர்’ என்ற வழக்கத்தையே ஆரம்பித்துவைத்த அணி அது.

அப்படியானால் எங்கே தப்பு? மூன்றாவது சுற்றில் ஸ்னெல் கொஞ்சம் மங்குவார் என்பது சரி. கொஞ்சம் மங்கிய ஸ்னெல் நல்லவரா, புதிதாக வரும் ஆண்டர்சன் நல்லவரா? கேட்க வேண்டிய கேள்வி இதுதான். ஒருவரை அவருடைய நேற்றைய உருவத்தோடு ஒப்பிட்டுப் பயனில்லை, வரப்போகிறவரோடு ஒப்பிட வேண்டும். பெண் வீட்டில் வேண்டாம் என்று சொன்னால் போதாது, வேறு மாப்பிள்ளை கையில் இருக்க வேண்டும்.

ஆண்டர்சனின் கணக்கைப் பாருங்கள். அந்த ஆண்டு வழக்கமான சீசனில் ஒன்பது இன்னிங்ஸுக்கு அவர் விட்டுக்கொடுத்த ரன் சராசரி 0.55. அசாத்தியம். ஆனால் அது வெறும் 60 ஆட்டச் சீசன், அவர் வீசியது 16 இன்னிங்ஸ் சொச்சம்தான். பிளேஆஃபில் கேஷ் அவரைத் திரும்பத் திரும்பக் கூப்பிட்டார். அந்த ஆறாவது ஆட்டத்துக்கு முன் தொடர்ச்சியாக ஆறு முறை ரன் கொடுத்திருந்தார், அன்றைக்கு ஏழாவது முறை. தொடர் முழுக்க டாட்ஜர்ஸும் அவரைப் பார்த்துப் பழகியிருந்தார்கள். ஸ்டார்ட்டரை (ஆட்டத்தைத் தொடங்கும் பிட்சரை) திரும்பத் திரும்பப் பார்த்தால் பேட்டருக்குப் பிடிபடும் என்றால், ரிலீவரை (பிறகு மாற்றாக வருகிறவரை) திரும்பத் திரும்பப் பார்த்தால் மட்டும் பிடிபடாதா? கணக்குக் கட்சிக்காரர்கள் கணக்கைப் பாதியில் நிறுத்திவிடுகிற இடம் இது.

போதாக்குறைக்கு, பெட்ஸ் அந்த ஆண்டு இடக்கைப் பிட்சர்களிடம் திணறினார். அவர்களுக்கு எதிராக அவருடைய பேட்டிங் சராசரி (ஹிட் விகிதம்) .200, வலக்கையர்களுக்கு எதிராக .300-ஐத் தாண்டியது. ஸ்னெல் இடக்கை. ஆண்டர்சன் வலக்கை. சீகரோ இடக்கை பேட்டர், அவருக்கும் ஸ்னெல்தான் பொருத்தம். அந்த 2020-இல்தான் வேறு ஒரு விதியும் வந்தது: உள்ளே வரும் ரிலீவர் குறைந்தது மூன்று பேட்டர்களைச் சந்திக்க வேண்டும், அல்லது அந்த அரை இன்னிங்ஸ் முடியும்வரை வீச வேண்டும். பெட்ஸுக்கு ஒருவர், சீகருக்கு ஒருவர் என்று ஆள் மாற்றி விளையாடும் பழைய வித்தை செல்லாது. ஆக ஆண்டர்சனைக் கூப்பிட்டபோதே பெட்ஸ், சீகர், டர்னர் மூவரையும் சேர்த்து அவர் தலையில் கட்டியாகிவிட்டது. பீட் ஃபேர்பேங்க்ஸ், டியேகோ காஸ்டியோ என்று வேறு ஆட்களும் இருந்தார்கள். (ஃபேர்பேங்க்ஸிடம்தான் பெட்ஸ் பிறகு ஹோம் ரன் அடித்தார் என்பதையும் நேர்மையாகச் சொல்லிவிடுகிறேன். யாரைக் கொண்டுவந்தாலும் அன்றைக்கு பெட்ஸ் அடித்திருப்பாரோ என்னவோ.)

எனக்கு மேனேஜர் வேலை கொடுத்திருந்தால்? பெட்ஸுக்கும் சீகருக்கும் ஸ்னெல்லையே வீசச் சொல்லியிருப்பேன். வலக்கையரான டர்னர் வரும்போது படியேறியிருப்பேன். சோஃபாவில் உட்கார்ந்துகொண்டு சொல்வதற்கு என்ன, சொல்லலாம்.

இப்போது இதன் எதிர்ப்பக்கம். “எடுக்காதே” கட்சி எப்போதும் வசதியாக மறக்கிற ஒரு ராத்திரி உண்டு. 2003 அக்டோபர் 16, யாங்கீ ஸ்டேடியம். பாஸ்டன் ரெட் சாக்ஸ் நியூயார்க் யாங்கீஸுக்கு எதிராக எட்டாவது இன்னிங்ஸில் 5-2 முன்னிலை, உலகத் தொடருக்கு இன்னும் ஐந்து அவுட்தான் பாக்கி. மவுண்டில் பெட்ரோ மார்ட்டினெஸ், அந்தத் தலைமுறையின் மிகப் பெரிய பிட்சர். ஏழு இன்னிங்ஸ் முடிவில் 100 பந்து வீசிவிட்டார். டெரெக் ஜீட்டர் டபுள், பெர்னி வில்லியம்ஸ் சிங்கிள், 5-3. மேனேஜர் கிரேடி லிட்டில் மவுண்டுக்குப் போனார். முடியுமா என்று பெட்ரோவையே கேட்டார். முடியும் என்றார் பெட்ரோ. வேறு என்ன சொல்வார்? அப்படிக் கேட்டால் முடியாது என்று சொல்கிறவன் அந்த உயரத்துக்கே வந்திருக்க மாட்டான். லிட்டில் திரும்பிப் போனார். ஹிடேக்கி மட்சுயி டபுள். ஹோர்ஹே பொசாடா நடு மைதானத்தில் தொப்பென்று விழுகிற மாதிரி ஒன்றை அடித்து இரண்டு பேரை வீட்டுக்குக் கொண்டுவந்தார். 5-5. பதினோராவது இன்னிங்ஸில் ஏரன் பூனின் ஹோம் ரன்னோடு எல்லாம் முடிந்தது. லிட்டிலின் வேலையும் போயிற்று.

அன்று புல்பென்னில் மைக் டிம்லின், ஆலன் எம்ப்ரீ இருவரும் அந்த பிளேஆஃப் முழுக்கப் பிரமாதமாக வீசியவர்கள், தயாராகவும் இருந்தார்கள். அதாவது 2020-இன் நேர்மாறு: வெளியே இருந்தவர்கள் உள்ளே இருந்தவரைவிட நல்ல நிலையில் இருந்தார்கள். லிட்டில் கண்ணை நம்பினார், பெயரை நம்பினார். கண்ணை நம்பு என்று இன்றைக்குக் கத்துகிறவர்களிடம் நான் முதலில் கேட்பது பெட்ரோவைப் பற்றித்தான்.

அந்த ஏரன் பூன்தான் இப்போது யாங்கீஸ் மேனேஜர் என்பது விதியின் குசும்பு. டாட்ஜர்ஸுக்கு எதிரான 2024 உலகத் தொடரின் முதல் ஆட்டத்தில், பத்தாவது இன்னிங்ஸில் 3-2 முன்னிலையைக் காப்பாற்ற அவர் கூப்பிட்டது நெஸ்டர் கோர்டெஸை. முழங்கைக் காயத்தால் கிட்டத்தட்ட ஐந்து வாரம் ஒரு ஆட்டத்திலும் வீசாதவர். டிம் ஹில் என்ற இடக்கையர் நல்ல ஃபார்மில் பக்கத்திலேயே நின்றார். கோர்டெஸ் முதல் பந்தில் டாட்ஜர்ஸின் ஷோஹே ஓட்டானியை அவுட் ஆக்கினார். பெட்ஸுக்கு வேண்டுமென்றே வாக் கொடுத்து பேஸ் மூன்றையும் நிரப்பினார்கள். அடுத்த பந்தை ஃப்ரெடி ஃப்ரீமேன் கூட்டத்துக்குள் அனுப்பினார். கிராண்ட் ஸ்லாம் (பேஸ் மூன்றும் நிரம்பியிருக்கும்போது அடித்த நாலு ரன் ஹோம் ரன்), 6-3. உலகத் தொடர் வரலாற்றில் ஆட்டத்தையே முடித்துவைத்த முதல் கிராண்ட் ஸ்லாம் அது. இங்கே யாரை எடுத்தார்கள் என்று ஒருவரும் கேட்கவில்லை. எல்லாரும் கேட்டது யாரைக் கொண்டுவந்தார்கள் என்பதைத்தான். சரியான கேள்வியை ரசிகர்கள் கேட்ட அரிதான ராத்திரி.

எல்லாத் தோல்வியும் மேனேஜர் தலையில் விடிய வேண்டியதில்லை. 2019 உலகத் தொடரின் ஏழாவது ஆட்டத்தில் ஹூஸ்டன் மேனேஜர் ஏ. ஜே. ஹிஞ்ச், 80 பந்து வீசியிருந்த சாக் கிரெய்ங்கியை எடுத்து வில் ஹாரிஸைக் கொண்டுவந்தார். ஹாரிஸ் வெளிப்பக்கம் தாழ்வாக, நல்ல பந்தாகத்தான் போட்டார். ஹோவி கெண்ட்ரிக் அதை எட்டி அடிக்க, வலப்பக்க ஃபவுல் கம்பத்தில் பட்டு ஹோம் ரன் ஆயிற்று. ஒரு அடி தள்ளிப் போயிருந்தால் வெறும் ஃபவுல் (செல்லாத அடி). நட்சத்திரப் பிட்சர் கெரிட் கோலை ஏன் கூப்பிடவில்லை என்று ஹூஸ்டனில் இன்னும் கேட்பார்கள், அதில் கொஞ்சம் நியாயம் உண்டு. ஆனால் ஹாரிஸ் தப்பான ஆள் என்று என்னால் சொல்ல முடியவில்லை. 2023 பிளேஆஃபில் டொரான்டோ மேனேஜர் ஜான் ஷ்னைடர் ஹோசே பெர்ரியோஸை 47 பந்திலேயே எடுத்ததற்கு ஊரே கொதித்தது. அந்த ஆட்டத்தில் டொரான்டோ எடுத்த ரன் பூஜ்யம் என்பதை யாரும் பேசக் காணோம். பூஜ்யத்தை வைத்துக்கொண்டு எந்தப் பிட்சரும் ஜெயிக்க முடியாது.

ஜெயித்துவிட்டால் கதையே வேறு. நம்மூர்ப் பழமொழியில் மாமியார் உடைத்தால் மண்குடம், மருமகள் உடைத்தால் பொன்குடம். இங்கே ஜெயித்தவன் உடைத்தால் மண்குடம். 2016-இல் சிகாகோ கப்ஸ் மேனேஜர் ஜோ மேடன் செய்ததைப் பாருங்கள். உலகத் தொடரின் ஆறாவது ஆட்டத்தில் 7-2 என்று வசதியான முன்னிலை இருந்தும், கடைசி இன்னிங்ஸை முடித்துவைக்கும் ‘குளோசர்’ அரோல்டிஸ் சாப்மேனை ஏழாவது இன்னிங்ஸிலேயே இறக்கினார். அதற்கு முந்தைய ஆட்டத்தில்தான் சாப்மேன் 42 பந்து வீசியிருந்தார். மறுநாள் ஏழாவது ஆட்டத்தில் கைல் ஹெண்ட்ரிக்ஸை 63 பந்தில், ஐந்தாவது இன்னிங்ஸிலேயே எடுத்தார். களைத்துப்போன சாப்மேன் எட்டாவது இன்னிங்ஸில் ராஜாய் டேவிஸிடம் ஹோம் ரன் வாங்கி ஆட்டம் 6-6. மழை வந்து சிறிது நேரம் ஆட்டம் நின்றது, பத்தாவது இன்னிங்ஸில் கப்ஸ் 8-7 என்று ஜெயித்தது, 108 வருடக் காத்திருப்பு முடிந்தது. மேடன் மட்டும் அன்று தோற்றிருந்தால் கேஷின் பெயரை இன்று யாரும் சொல்லமாட்டார்கள், மேடன் பெயரைத்தான் சொல்லித் திட்டுவார்கள். கேஷ் செய்ததைவிடப் பெரிய பிழைகள் அவை என்பது என் அபிப்பிராயம். சிகாகோ நண்பர்களிடம் இதைச் சொன்னால் சிரித்துவிட்டுப் பேச்சை மாற்றிவிடுவார்கள்.

கடைசியாக டாட்ஜர்ஸ் மேனேஜர் டேவ் ராபர்ட்ஸ். 2020-இல் எதிர் டக்-அவுட்டில் நின்று கோப்பை வாங்கியவர். அதற்கு முன் அவர் வாங்காத திட்டு இல்லை. 2018-இல் 4-0 முன்னிலையில் ரிச் ஹில்லை எடுத்ததற்கு அமெரிக்க அதிபரே ட்விட்டரில் குறை சொன்னார். 2019-இல் எட்டாவது இன்னிங்ஸிலும் கிளேட்டன் கெர்ஷாவையே விட்டுவைத்து, அடுத்தடுத்து இரண்டு ஹோம் ரன் விழுந்து முன்னிலை கரைந்தது. எடுத்தாலும் திட்டு, விட்டாலும் திட்டு.

2025 நவம்பர் 1, டொரான்டோ, உலகத் தொடரின் ஏழாவது ஆட்டம். ஒன்பதாவது இன்னிங்ஸின் கீழ்ப்பாதி (டொரான்டோ பேட் செய்யும் பாதி), 4-4. டாட்ஜர்ஸ் மவுண்டில் நின்றது யார் தெரியுமா? பிளேக் ஸ்னெல். ஆமாம், அதே ஸ்னெல், இப்போது டாட்ஜர்ஸ் சட்டையில், ரிலீவராக. ஒரு அவுட், இரண்டு பேர் பேஸில். ராபர்ட்ஸ் படியேறி வந்து அவரை எடுத்தார். கொண்டுவந்தது யோஷினோபு யமமோட்டோவை. முந்தைய நாள் 96 பந்து வீசி ஆறாவது ஆட்டத்தை ஜெயித்துக் கொடுத்தவர். காகிதத்தில் பார்த்தால் பைத்தியக்காரத்தனம். அவர் முதலில் அலெஹாண்ட்ரோ கிர்க்கின் மீதே பந்தைப் போட்டு மூன்று பேஸையும் நிரப்பினார். அடுத்தவர் தட்டிய பந்தை மிகேல் ரோஹாஸ் தடுமாறி எடுத்து வீட்டுக்கு எறிய, கேட்சரின் கால் ஹோம் தட்டில் இருந்ததா என்று திரும்பத் திரும்பப் போட்டுக் காட்டினார்கள். இருந்தது. அதற்கடுத்த பந்தை ஆண்டி பஹேஸ் ஓடிவந்து, சொந்த அணி ஆள்மீதே மோதி, கீழே விடாமல் பிடித்தார். பதினோராவது இன்னிங்ஸில் வில் ஸ்மித்தின் ஹோம் ரன், 5-4. கடைசியில் டபுள் பிளே (ஒரே பந்தில் இரண்டு அவுட்) எடுத்துக்கொடுத்தவர், ஷார்ட்ஸ்டாப்பில் (இரண்டாவது, மூன்றாவது பேஸ்களுக்கு நடுவே) நின்ற மூக்கி பெட்ஸ்.

ஆட்டம் முடிந்து சிறிது நேரத்தில் ரேஸ் நண்பரிடமிருந்து ஒரு மெசேஜ். “இன்னிக்கும் ஸ்னெல்லத்தான் எடுத்தாங்க. யாராவது ஒரு வார்த்தை பேசுறாங்களா பாரு.”